அப்பாவுக்கு ஸ்டென்ட்: தஞ்சாவூரிலேயே வைப்பதா, சென்னைக்குக் கொண்டுபோவதா?

கடைமடைக்காரன் | திங்கள், மாலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்கு 61 வயது. நேற்று காலை வயலில் இருந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. வாயு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. அப்புறம்தான் 108-ஐக் கூப்பிட்டோம். பட்டுக்கோட்டையில் இசிஜி எடுத்த உடனே மாரடைப்பு என்று சொல்லி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். வலி தொடங்கியதிலிருந்து ஊசி போடும் வரை இரண்டேகால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு மணி நேரத்தில் வலி நன்றாகக் குறைந்தது. மதியமே தஞ்சாவூரில் கேத்லேப் (இதயக் குழாயைப் படம் பிடித்து அடைப்பை நீக்குகிற அறை) இருக்கிற ஒரு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாய்களுக்குள் மருந்து விட்டு எடுக்கிற படம். எல்.ஏ.டி என்ற முன்பக்கக் குழாயின் நடுவில் 90 சதவீதம் அடைப்பு. ரத்தம் ஓடுகிறது, ஆனால் குழாய் ரொம்பக் குறுகியிருக்கிறது. மற்ற இரண்டு குழாய்களும் பரவாயில்லை. கையோடு ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்குகிற கம்பிவலைக் குழல்) வைத்துவிடுகிறோம் என்று டாக்டர் கையெழுத்துக் கேட்டபோது, சித்தப்பா "பொறுங்கள், சென்னைக்குக் கொண்டுபோகிறோம்" என்று சொல்லிவிட்டார். நாளை காலைக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா சொல்லும் காரணம் இரண்டு. இங்கே பைபாஸ் செய்கிற வசதி இல்லை, ஏதாவது ஆனால் என்ன செய்வது? இரண்டாவது, சென்னையில் வைக்கிற ஸ்டென்ட்தான் நிலைக்கும் என்கிறார். உண்மையில் எந்த ஊரில் வைக்கிறோம் என்பதால் முடிவு மாறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரவு முழுக்க ஆஸ்பத்திரி வாசலில்தான் இருப்பேன்.

வடபழனி வாசி | திங்கள், மாலை 6.58

தம்பி, கிளம்பி வந்துவிடுங்கள். என் மாமியாருக்கு மூன்று வருடம் முன்னால் இங்கேதான் வைத்தோம். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது பேருக்குச் செய்கிறார்கள். கை பழகியிருக்கும். சின்ன ஊரில் ஒரு சிக்கல் வந்தால் அதைப் பார்த்த அனுபவம் அவர்களுக்கு இருக்காது. காசைப் பார்க்காதீர்கள். உயிர் விஷயம்.

வார்டு அக்கா | திங்கள், இரவு 7.15

தம்பி, நான் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இதய ஐசியுவில் 11 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு இதுவரை நடந்ததெல்லாம் சரியாக நடந்திருக்கிறது. கஷாயத்தில் போன முக்கால் மணி நேரத்தை நினைத்து உங்களை நீங்களே வாட்டிக்கொள்ளாதீர்கள். எங்கள் வார்டுக்கு மறுநாள் வந்து சேர்கிறவர்கள் எத்தனையோ பேர்.

ஊசி போட்டதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஊசி மூன்றில் ஒருவருக்குச் சரியாக வேலை செய்யாது. 2013-இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வில் ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேரை அவசரமாகக் கேத்லேபுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதனால்தான் ஊசி போட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி இசிஜி எடுத்து, ஏறியிருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். உங்கள் அப்பாவுக்கு வலி குறைந்தது நல்ல அறிகுறி. அப்படி ஊசி வேலை செய்தவர்களுக்கும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்த்து, தேவையானால் ஸ்டென்ட் வைத்துவிட வேண்டும் என்பதுதான் முறை. கட்டி கரைந்தாலும் அது உட்கார்ந்திருந்த இடம் இன்னும் புண்ணாகத்தான் இருக்கிறது. மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். தஞ்சாவூரிலிருந்து சென்னை 340 கிலோமீட்டர். ஆறேழு மணி நேரம். நேற்று மாரடைப்பு வந்தவரை, 90 சதவீதம் அடைப்போடு, ராத்திரியில் ரோட்டில் கூட்டிப்போகப் போகிறீர்களா? விழுப்புரம் தாண்டும்போது இதயத்துடிப்பு தாறுமாறாகப் போனால் வண்டியில் யார் ஷாக் கொடுப்பது?

கடைமடைக்காரன் | திங்கள், இரவு 7.31

அக்கா, இதை யாரும் எங்களுக்கு இப்படி எடுத்துச் சொல்லவில்லை. சித்தப்பா காரில் ஏசி போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுபோகலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வார்டு அக்கா | திங்கள், இரவு 7.34

காரில் வேண்டவே வேண்டாம்.

எண்ணும் எழுத்தும் | திங்கள், இரவு 8.20

பொது சுகாதாரத் துறையில் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் பல வருடமாகக் கேட்டு, முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

// இங்கே பைபாஸ் செய்கிற வசதி இல்லை, ஏதாவது ஆனால் என்ன செய்வது? //

சித்தப்பாவின் பயம் நியாயமான பயம்தான். 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயக் குழாயைப் பலூனால் விரித்தார். அந்தக் காலத்தில் குழாய் கிழிந்தாலோ திடீரென்று மூடிக்கொண்டாலோ நெஞ்சைத் திறப்பதைத் தவிர வழியில்லை. அதனால் அறுவை அரங்கைத் தயாராக வைத்துக்கொண்டுதான் செய்தார்கள். 1986-இல் ஸ்டென்ட் வந்தது. கிழிசலை உள்ளிருந்தே தாங்கிப் பிடிக்க முடிந்ததால் அவசர பைபாஸ் தேவைப்படுவது நூற்றில் ஒருவருக்கும் கீழே போய்விட்டது.

அப்படியானால் அறுவை வசதி இல்லாத இடத்தில் ஸ்டென்ட் வைக்கலாமா? அமெரிக்காவில் சி-போர்ட்-இ என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2012-இல் வெளிவந்தது. 18,867 நோயாளிகள். யாருக்கு எங்கே என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். பைபாஸ் வசதி இல்லாத மருத்துவமனைகளில் ஆறு வாரத்துக்குள் இறந்தவர்கள் 0.9 சதவீதம். வசதி உள்ள இடங்களில் 1.0 சதவீதம். ஒன்பது மாதக் கணக்கில் மரணம், மாரடைப்பு, மறுபடி அதே குழாயைச் சரிசெய்தல் எல்லாம் சேர்த்து, வசதி இல்லாத இடங்களில் 12.1 சதவீதம், உள்ள இடங்களில் 11.2. அடுத்த வருடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 3,691 பேரை வைத்துச் செய்த ஆய்வும் இதையே சொன்னது. 30 நாள் கணக்கில் 9.5-க்கு 9.4.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. முதல் ஆய்வில், வசதி இல்லாத இடங்களில் அதே குழாயை மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தது கொஞ்சம் கூடுதல், 6.5-க்கு 5.4 சதவீதம். தவிர, இரண்டுமே அவசரமில்லாத நோயாளிகளிடம் செய்தவை. முதல் ஆய்வில் இடப்பக்கப் பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களையும், இதயத்தின் பம்ப் சக்தி 20 சதவீதத்துக்கும் கீழே உள்ளவர்களையும் சேர்க்கவே இல்லை. உங்கள் அப்பாவின் நிலை அப்படியே அந்த ஆய்வுக்குள் வராது. ஆனால் "பக்கத்து அறையில் சர்ஜன் இல்லாவிட்டால் ஆபத்து" என்ற பயத்துக்கு அது நல்ல பதில்.

வடபழனி வாசி | திங்கள், இரவு 8.41

ஐயா, அது அமெரிக்கா. அங்கே சின்ன ஊர் ஆஸ்பத்திரியே நம் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். நான் சென்னைதான் உசத்தி என்று பெருமைக்குச் சொல்லவில்லை. நிறையச் செய்கிற இடத்தில் நன்றாகச் செய்வார்கள் என்பது எந்த வேலைக்கும் பொருந்தும்தானே?

எண்ணும் எழுத்தும் | திங்கள், இரவு 8.55

பொருந்தும். அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்க வழிகாட்டுதலே மருத்துவமனை வருடத்துக்கு 200, மருத்துவர் 50 என்று ஒரு கீழெல்லை வைத்திருக்கிறது. நான் சொன்ன ஆய்விலும் வருடம் 200 செய்கிற இடங்களைத்தான் சேர்த்தார்கள். ஆனால் அந்த எல்லையைத் தாண்டிய ஒரு இடம் தஞ்சாவூரில் இருக்கக்கூடாதா என்ன? கேட்க வேண்டியது ஊர்ப் பெயரை அல்ல, எண்ணிக்கையை. கடைமடைக்காரரே, அங்கே மாதம் எத்தனை பேருக்குச் செய்கிறார்கள் என்று கேட்க முடியுமா? தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கேத்லேப் 14 | திங்கள், இரவு 9.10

கோவையில் கேத்லேப் டெக்னீஷியன். இப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தேன்.

// சென்னையில் வைக்கிற ஸ்டென்ட்தான் நிலைக்கும் என்கிறார் //

ஸ்டென்ட் எல்லா ஊரிலும் ஒன்றுதான் அண்ணா. அதே கம்பெனிகள், அதே மருந்து பூசிய ஸ்டென்ட். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260. அடுத்த வருடம் மருந்து பூசியதை 27,890 ஆகக் குறைத்தார்கள். அதுக்கு முன்னால் ஒரு ஸ்டென்டுக்கே லட்சத்துக்கு மேல் பில் போட்ட காலம் உண்டு. அந்த நினைவில்தான் பெரியவர்கள் 'உசத்தி ஸ்டென்ட்' என்று இன்னும் பேசுகிறார்கள்.

வித்தியாசம் வருவது அதை எப்படி வைக்கிறார்கள் என்பதில். குழாயின் அளவைவிடச் சின்னதாக வைத்தாலோ, முழுசாக விரியாமல் விட்டாலோ பிற்பாடு அதற்குள்ளேயே கட்டி பிடிக்கும். அளவில் சந்தேகம் இருந்தால் குழாய்க்குள்ளேயே ஒரு நுண்ணிய ஸ்கேன் விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கருவி அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். கை வழியாகச் செய்கிறார்களா, தொடை வழியாகவா என்பதும் முக்கியம். ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டவருக்குத் தொடையில் குத்தினால் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுதல். மணிக்கட்டு என்றால் ஒரு பட்டையைக் கட்டி இறுக்கிவிடலாம்.

பெரிய ஊருக்குப் போகத்தான் வேண்டும் என்ற கேஸும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். பிரதானக் குழாயில் அடைப்பு, மாதக்கணக்கில் முழுசாக மூடிப்போன குழாய், சுண்ணாம்பு படிந்து கல் மாதிரி ஆனது. இந்தக் கடைசி வகைக்கு வைரத்தூள் பதித்த முனையைச் சுழலவிட்டு உராய்ந்துதான் வழி செய்வோம். அதெல்லாம் தினமும் செய்கிற இடத்தில் செய்தால்தான் நல்லது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு ஒற்றைக் குழாய், நடுப்பகுதி. படத்தைப் பார்க்காமல் சாதாரண கேஸ் என்று நான் சொல்லக்கூடாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெர்னிங் தமிழன் | திங்கள், இரவு 9.48

தம்பி, நான் யாழ்ப்பாணம், இருபத்தைந்து வருடமாய் டென்மார்க்கில் இருக்கிறேன். நீங்கள் கதைக்கிற இந்த விஷயத்தில் இந்த நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. ஆர்ஹுஸ் நகரத்து ஸ்கைபி வைத்தியசாலையில் இருந்த ஹென்னிங் ருட் ஆண்டர்சன் என்ற வைத்தியர்தான் முன்னின்று டனாமி-2 ஆய்வைச் செய்தவர். சின்ன வைத்தியசாலைக்கு மாரடைப்போடு வந்தவருக்கு அங்கேயே ஊசி போடுவதா, இல்லை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி உடனே பலூன் செய்வதா என்று பார்த்தார்கள். 1,572 பேர். அனுப்பினவர்களுக்குத்தான் பலன் நன்றாய் இருந்தது. சின்ன வைத்தியசாலைகளுக்கு வந்தவர்களில் மரணம், மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து 14.2 சதவீதமாய் இருந்தது 8.5 ஆய்க் குறைந்தது.

இதைக் கேட்டவுடன் சித்தப்பா "பாருங்கள், பெரிய இடத்துக்குத்தான் போகவேணும்" என்று சொல்லுவார். அதனால் மிச்சத்தையும் சொல்லவேணும். அனுப்பினவர்களில் 96 சதவீதம் பேர் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். எங்கட ஊரிலிருந்து ஆர்ஹுஸுக்கு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. இந்த நாட்டின் சாலையும் தூரமும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தந்தது. உங்கட அப்பாவுக்கு அந்த இரண்டு மணித்தியாலத்தில் எட்டக்கூடிய பெரிய இடம் தஞ்சாவூர்தான். சென்னை இல்லை.

கடைமடைக்காரன் | திங்கள், இரவு 10.25

இரவுப் பணி டாக்டரிடம் பேசினேன். கோபப்படவில்லை, உட்கார வைத்தே பேசினார். மாதம் அறுபது, எழுபது பேருக்குச் செய்கிறார்களாம். மணிக்கட்டு வழிதான். குழாய்க்குள் விடுகிற ஸ்கேன் இருக்கிறது, தேவைப்பட்டால் பயன்படுத்துவோம் என்றார். அவசர பைபாஸ் வேண்டி வந்தால் திருச்சிக்கு அனுப்ப ஏற்பாடு உண்டாம், ஒரு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பியாயிற்று என்றும் சொன்னார். பம்ப் சக்தி எக்கோவில் 42 சதவீதம்.

சித்தப்பாவுக்கு நீங்கள் எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினேன். விழுப்புரம் வரியைப் படித்ததும் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சரி, இங்கேயே செய்யட்டும்" என்றார். அவர் அண்ணன்மேல் உயிரையே வைத்திருக்கிறவர். பயத்தில்தான் சென்னை சென்னை என்றார்.

வடபழனி வாசி | திங்கள், இரவு 10.40

மாதம் அறுபது என்றால் எனக்கும் திருப்திதான் தம்பி. நான் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்லபடியாக முடிந்ததும் எழுதுங்கள்.

சாரல் மண் | திங்கள், இரவு 11.52

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். தேனி மாவட்டம், மலையடிவாரம். எங்கள் அப்பாவுக்கு ஆறு வருடம் முன்னால் ஒரு பெருநகரத்தில், பெயர் சொன்னாலே எல்லோருக்கும் தெரிகிற மருத்துவமனையில் வைத்தோம். குறையே சொல்ல முடியாத வேலை. நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி எட்டுப் பக்கம், எல்லாம் ஆங்கிலம். மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள்.

இரண்டரை மாதத்தில் பல்வலி. ஊர்ப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் "ரத்தம் நீர்க்கிற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார். நிறுத்தினோம். பெரிய மருத்துவமனைக்கு போன் செய்து கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த எண்ணே கையில் இல்லை. ஆறாம் நாள் விடிகாலையில் ஸ்டென்டுக்குள் அடைத்துக்கொண்டது. பக்கத்து ஊருக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எந்த ஊரில் வைப்பது என்று நாங்களும் இப்படித்தான் ராத்திரி முழுக்கப் பேசினோம். வைத்த பிறகு எந்த ஊரில் இருக்கப்போகிறார் என்பதை யாருமே பேசவில்லை.

வார்டு அக்கா | செவ்வாய், காலை 5.50

சாரல் மண், படித்ததும் கண் கலங்கிவிட்டது. இது உங்கள் தவறில்லை. எட்டுப் பக்கம் எழுதியவர்கள் அதில் ஒரு வரியைத் தமிழில் எழுதியிருக்க வேண்டும்.

கடைமடைக்காரன் தம்பி, இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும், அதோடு க்ளோபிடோக்ரெல் மாதிரி இன்னொரு மாத்திரையும் சேர்த்து வழக்கமாக ஒரு வருடம். உலோகக் கம்பியின் மேல் நம் உடம்பே ஒரு மெல்லிய தோல் போர்த்திவிடும் வரை அது ரத்தத்துக்கு வேற்றுப் பொருள்தான், கட்டி பிடிக்கப் பார்க்கும். ஸ்டென்ட் வைத்த டாக்டர் சொல்லாமல் வேறு யார் சொன்னாலும் நிறுத்தக்கூடாது. பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் நிறுத்த வேண்டிய தேவையே இல்லை, பஞ்சை வைத்து அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும்.

எண்ணும் எழுத்தும் | செவ்வாய், காலை 7.30

சாரல் மண் எழுதியதைப் படித்த பிறகு, நேற்றே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று நினைவுக்கு வந்தது. இது நம் மண்ணிலேயே நடந்த ஆய்வு.

கோவையைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையைச் சேர்ந்த டாக்டர் அஜித் முல்லாசரியும் முன்னின்று தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தை நடத்தினார்கள். ஸ்டெமி என்பது இதயக் குழாய் முழுசாக அடைத்து வருகிற மாரடைப்பு. கேத்லேப் உள்ள மருத்துவமனை வண்டிச் சக்கரத்தின் குடம். சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகள் ஆரக்கால்கள். ஆரக்காலில் இசிஜி எடுத்து ஊசி போடுவது, அங்கிருந்து குடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ பார்ப்பது, இதற்கெல்லாம் ஒரு கட்டுக்கோப்பைக் கொண்டுவந்தார்கள். உங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை போன பாதையும் அதே மாதிரிதான்.

முடிவு 2017-இல் வெளிவந்தது. மொத்தம் 2,420 நோயாளிகள், திட்டத்துக்கு முன் வந்தவர்களையும் பின் வந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆஞ்சியோ பார்க்கப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆக உயர்ந்தார்கள். ஸ்டென்ட், பலூன் சிகிச்சை பெற்றவர்கள் 29.5-லிருந்து 46.5. ஆனால் மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தவர்கள் விகிதத்தில் மாற்றம் இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் 'பெரிய பலன் ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள். நூறு பேரில் மூன்று பேருக்கு மேல். முன், பின் ஒப்பீடு என்பதால் குலுக்கல் ஆய்வு அளவுக்கு அதை உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் எனக்கு இந்த எண்மேல் தனி மரியாதை. ஏனென்றால் வெளிநாட்டில் இல்லை, நம் ஊர்ச் சாலையில், நம் ஊர் ஆம்புலன்ஸில் வந்த எண் இது.

14.2-ம் சின்ன எண் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏழு பேரில் ஒருவர். அதில் பலர் மருத்துவமனையை விட்டு நல்லபடியாக வீட்டுக்குப் போனவர்கள்.

கேத்லேப் 14 | செவ்வாய், காலை 8.05

சார், ஒரு சந்தேகம். இன்ன ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தவர்களில் இத்தனை பேர் இறந்தார்கள் என்று ஊர்வாரியாகப் பட்டியல் போட்டால் மக்கள் பார்த்து முடிவு செய்யலாமே? ஏன் யாரும் போடுவதில்லை?

எண்ணும் எழுத்தும் | செவ்வாய், காலை 8.40

நியூயார்க் மாநிலத்தில் 1990-களிலிருந்து போடுகிறார்கள், மருத்துவமனை வாரியாக மட்டும் இல்லை, மருத்துவர் பெயர் வாரியாகவும். நல்லது நடந்தது. கூடவே ஒரு கெட்டதும் நடந்தது. ரத்த அழுத்தம் விழுந்து, பிழைப்பாரா என்று தெரியாத நிலையில் வருகிறவருக்குச் செய்தால் தன் கணக்கில் ஒரு மரணம் ஏறும் என்று சில மருத்துவர்கள் தயங்க ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்டவருக்குத்தான் அடைப்பை உடனே திறப்பது அதிகம் தேவை.

இன்னொரு சிக்கல். கடைசி நேரத்தில் எல்லோரும் அனுப்பி வைக்கிற அரசு மருத்துவக் கல்லூரியில் இறப்பு விகிதம் கூடுதலாகத்தான் தெரியும். நடந்து உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும் செய்கிற தனியார் இடத்தில் குறைவாகத் தெரியும். வயது, சர்க்கரை, எத்தனை மணி நேரம் தாமதம், வந்தபோது ரத்த அழுத்தம் எவ்வளவு, எல்லாவற்றையும் சரிக்கட்டிய பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியும்.

இந்தியாவில் நம்மிடம் இருக்கிற பெரிய கணக்குகளில் ஒன்று 2008-இல் வந்த கிரியேட் பதிவேடு. 20,468 நோயாளிகள், 50 நகரங்கள். அறிகுறி தொடங்கி மருத்துவமனை வந்து சேர ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம்! 30 நாளில் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5. கிடைத்த சிகிச்சையின் வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தபோது இந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. அந்த வரியை முதலில் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைத்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

கடைமடைக்காரன் | செவ்வாய், மதியம் 1.15

முடிந்தது. ஒரு ஸ்டென்ட். 45 நிமிடம். மணிக்கட்டு வழி. அப்பா கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "நாற்றங்காலுக்குத் தண்ணி விட்டாச்சா?" சித்தப்பா அழுதுவிட்டார்.

ஹெர்னிங் தமிழன் | செவ்வாய், மதியம் 2.02

நல்ல சேதி தம்பி. நிம்மதி. அப்பாவைச் சுகமாய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்டு அக்கா | செவ்வாய், மாலை 4.20

சந்தோஷம் தம்பி! டிஸ்சார்ஜ் அன்று கையோடு சில காரியம் செய்யுங்கள். ஆஞ்சியோ படம் உள்ள சிடியையும் முதல் இசிஜியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி எங்கே போனாலும் அதுதான் பேசும். மாத்திரைப் பெயர்களை டாக்டரையே தமிழில் எழுதித் தரச் சொல்லி, 'இந்த இரண்டையும் எங்களைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது' என்று அடியில் எழுதி வாங்குங்கள். வார்டு போன் நம்பரையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அட்டையை லேமினேட் செய்து அப்பா சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். பீடி, சிகரெட் உண்டா?

கடைமடைக்காரன் | செவ்வாய், மாலை 4.52

பீடி உண்டு அக்கா. நாற்பது வருடப் பழக்கம்.

வார்டு அக்கா | செவ்வாய், மாலை 4.55

அப்படியானால் இன்றைக்குத்தான் கடைசி வாய்ப்பு என்று நினைத்துப் பேசுங்கள். ஐசியுவில் இருக்கும்போது விட்டவர்கள் நிறையப் பேர். வீட்டுக்குப் போய் நாலு நாள் கழித்துப் பேசினால் கேட்க மாட்டார்கள். எந்த ஊர் ஸ்டென்டும் பீடிக்கு ஈடுகொடுக்காது.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு நடை போய், அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த விஷயத்தைச் சொல்லி வையுங்கள். 2023-இல் 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் வந்தது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு அங்கேயே உடனே கொடுக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் சேர்த்து 14 மாத்திரை வைத்திருப்பார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது வந்தால் கஷாயம் போடாமல் நேராக அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன் | மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, காலை 10.05

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். போன வாரம் எக்கோவில் பம்ப் சக்தி 50 சதவீதம். தஞ்சாவூருக்கு இரண்டு முறை போய்வந்தோம், காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சென்னை என்றால் இரண்டாவது முறை போயிருப்போமா என்பது எனக்கே சந்தேகம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகின்றன. பீடியை விட்டுவிட்டார். முதல் மாதம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை, அதைத் தாங்கிக்கொண்டோம்.

பத்து நாள் முன்னால் கடைவாய்ப்பல்லில் சீழ் பிடித்து முகமே வீங்கிவிட்டது. பல் டாக்டர் முதலில் கேட்டது, "மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வர்றீங்களா?" அப்பா ஒன்றும் பேசாமல் சட்டைப்பையில் இருந்து அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைப் படித்துவிட்டு அந்த நம்பருக்கு அங்கேயே போன் செய்தார். நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கினார்கள். ரத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நின்றுவிட்டது.

சாரல் மண், நீங்கள் அந்த ராத்திரியில் எழுதியதை நான் அப்பாவுக்கும் படித்துக் காட்டியிருந்தேன். அந்த அட்டையை அவர் குளிக்கும்போது மட்டும்தான் வெளியே எடுத்து வைக்கிறார்.

சாரல் மண் | ஞாயிறு, இரவு 9.30

இப்போதுதான் பார்த்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அந்த அட்டையில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்துப் போட முடியுமா? பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். எங்கள் ஊரில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள்.